பின்சீட்டு பெல்ட்

விற்பவர் தானாகச் சொல்லும் குறையைப் பிடித்துக்கொண்டே பழைய காரின் விலையை அடித்துப் பேசுவதில் தையல்காரர் கில்லாடி.

"பின்சீட்ல ஆள் இல்லாட்டியும் பெல்ட் போடச் சொல்லிக் கத்தும். வண்டிய நிறுத்தினா பின்கதவை ஒரு தடவை திறந்துவிடுங்க," என்றாள் விற்றவள்.

"ஏன், உங்க வீட்டுக்காரர் இறங்கணுமா?" என்று சிரித்து, இன்னும் குறைத்தார். முகம் வாட, அவள் சாவியைக் கொடுத்தாள்.

வழியெல்லாம் கத்தியது. ஓரங்கட்டி, பின்சீட்டு பெல்ட்டை இழுத்து மாட்டினார். சத்தம் நின்றது. பெல்ட் சீட்டில் படியாமல் புடைத்து நின்றது. நாற்பது அங்குல இடுப்பு என்று தொழில் புத்தி தானாக அளவெடுத்தது.

அவள் முகம் ஞாபகம் வந்து உடம்பெல்லாம் கூசியது. வீட்டு வாசலில் பெல்ட்டைக் கழற்றி, பின்கதவைத் திறந்து பிடித்தபடி, "மன்னிச்சிருங்கண்ணே," என்றார் தலையைத் தூக்காமல்.

வண்டியின் பின்பக்கம் மெல்ல மேலே எழும்பியது.