முழு விலை

"திங்கட்கிழமை வாம்மா. புதுச் சட்டம் அமலுக்கு வந்துடும். இதே இன்சுலின் கால் விலைக்குக் கிடைக்கும்" என்றார் மருந்துக் கடைக்காரர்.

தையல்காரப் பெண் கைப்பையை மூடினாள். "அப்போ மிச்சம் இருக்கிறதை அம்மாவுக்குப் பாதி பாதியா போட்டு ஓட்டிடறேன்."

"ஊரே அப்படித்தான் ஓட்டுது."

அவள் ஓரமாக நின்று வீட்டுக்கு ஃபோன் போட்டாள். பின்னால் நின்றிருந்த பாத்திரக் கடைக்காரர் முன்னே வந்தார். கடைவீதியில் அவருக்குப் 'பாதிவிலை' என்றுதான் பெயர்; எதையும் பாதிக்குக் கேட்டுத்தான் பேரத்தையே ஆரம்பிப்பார்.

"இன்சுலின் ஒண்ணு குடுப்பா."

"அண்ணே, நான் சொன்னது காதுல விழலையா? ரெண்டு நாள் பொறுங்க."

"இன்னைக்கு விலையையே போடு."

மருந்துக் கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தலைவலி மாத்திரைக்கே பாதி விலை கேக்கிற ஆளா பேசறது? சூரியன் மேற்கே உதிச்சிடுச்சா?"

"பில்லைப் போடுப்பா."

"மக வீட்டுக்குப் போன அண்ணி வந்தாச்சா?"

"நான் மட்டும்தான் வந்தேன்."

"பின்னே என்ன அவசரம்? சரி, தெரிஞ்ச மனுஷன், பத்து சதவீதம் குறைச்சுக்கறேன்."

"ஒரு பைசா குறைக்காதே. யாவாரம் பண்ண உக்காந்திருக்கியா, வர்றவனை விரட்ட உக்காந்திருக்கியா?"

விற்கிறவர் இறங்கி வர, வாங்குகிறவர் பிடிவாதம் பிடிக்க, அந்தக் கடை இப்படியொரு பேரத்தைக் கண்டதே இல்லை.

கடைசியில் ஃப்ரிட்ஜிலிருந்து சின்ன அட்டைப்பெட்டி வந்தது. பாதிவிலை அதை எடுத்துப்போய்த் தையல்காரப் பெண்ணின் கையில் திணித்தார்.

"ஐயா, எனக்கு எதுக்கு? திங்கட்கிழமை நானே..."

"அம்மாவுக்கு முழுசா போடும்மா. இன்னைக்கே."

கடைக்காரர் மீதிச் சில்லறையை நீட்டியபடி விழித்தார். "அப்போ அண்ணிக்கு?"

பாதிவிலை சில்லறையை எண்ணாமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"சட்டம் நிறைவேறின அன்னைக்கு நான்தான் ஃபோன்ல சொன்னேன், விலை இறங்கட்டும், அதுவரைக்கும் பாதி பாதியா போட்டு ஓட்டுன்னு. சரின்னுட்டா. எங்கிட்ட ஒரு நாளும் எதிர்ப்பேரம் பேசாதவ. அங்கேயே அடக்கம் பண்ணிட்டு நேத்துதான் வந்தேன்."