ஒரு பாடம் முன்னால்

வில்யாவுக்கு வயிறு எரிந்தது. பள்ளி கொடுத்த டேப்லெட்டில் அவரவர் வேகத்தில் கணக்குப் படிக்கலாம். அவள் எத்தனை பாடம் முடித்தாலும், பட்டியலில் ‘ஆந்தை’ என்ற பெயர் ஒரு பாடம் முன்னால் நின்றது.

“ஓஸ்மோ, யாரு அந்த ஆந்தை? நம்ம கிளாஸ்ல யாருக்கும் அவ்ளோ மூளை கிடையாதே!” என்று ஆசிரியர் ஓஸ்மோவிடம் பொருமினாள்.

“சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்” என்று சிரித்தார் அவர்.

இன்று ஆந்தையை முந்தியே தீருவதென்று வீட்டுக்கு ஓடினாள். பட்டாணி சூப் அடிப்பிடிப்பதுகூடத் தெரியாமல், அம்மா தன் டேப்லெட்டில் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். திரையின் மேலே ‘ஆந்தை’ என்று இருந்தது.

“நீயா! எதுக்கும்மா என்னோட போட்டி போடற?”

அம்மாவின் முகம் வெட்கத்தில் சிவந்தது. “போட்டியா? போன மாசம் நீ சந்தேகம் கேட்டப்ப, பதில் தெரியாம, போன் வந்த மாதிரி நடிச்சு வெளியே ஓடினேன். அதான் ஓஸ்மோகிட்ட கேட்டு நானும் சேர்ந்துட்டேன். இனிமே நீ கேக்கறதுக்கு முந்தியே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்ல?”