பாட்டோடு சேர்ந்த ப்ராஜெக்ட்

காக்ஸ் டவுன் கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் மதிய வெயில் திரைகளின் மேல் விழுந்து எழுத்துகளை வெளுக்கிறது. வைரஸ் பயத்தில் ஆய்வகப் பொறுப்பாளர் வெங்கடசாமி சார் பென்டிரைவையும், கணினிகளுக்கு இடையே கோப்புப் பகிர்வையும் அடைத்துவிட்டார். அதனால் பெலிக்ஸ் தன் கணினியைக் குட்டி வலைத்தளமாக்கி, ப்ரொஜெக்டர் மாட்டிய கணினியின் பிரவுசரில் ப்ராஜெக்டை இறக்கிக்கொண்டிருக்கிறான். அவசரத்தில் பாட்டு ஃபோல்டரையும் சேர்த்துத் திறந்துவிட்டதுதான் வினை: மொத்த வகுப்பும் பாட்டு இறக்குகிறது, இப்போது மூடினால் ப்ராஜெக்டும் பாதியில் அறுந்துபோகும். ப்ராஜெக்ட் இறங்குவதைக் காட்டும் நீலப் பட்டை பாதியில் குந்திக்கொண்டு எழ மறுக்கிறது. "என்ன பெலிக்ஸ், சும்னே பாத்துட்டிருக்கே? எக்ஸாமினர் காபி குடிச்சு முடிச்சாச்சு," என்கிறாள் வாசலில் காவல் நிற்கும் ப்ராஜெக்ட் கூட்டாளி மௌரீன். "இது வரலேன்னா நம்ம செமஸ்டர் போச்சு. பாட்டு இறக்கறவங்க எல்லாம் நிறுத்துங்கடா, கும்புட்டுக் கேக்கறேன்," என்று பெலிக்ஸ் கெஞ்சுகிறான். முணுமுணுப்போடு மவுஸ்கள் ஒவ்வொன்றாய்ச் சொடுக்குகின்றன. பட்டை மயிரிழை நகர்ந்து மறுபடி நிற்கிறது. "இன்னும் ஒருத்தன் மொத்த ஃபோல்டரையும் இழுக்கறான். எவன்டா அந்த எருமை?" என்கிறான் பெலிக்ஸ், தன் திரையில் ஓடும் பட்டியலைப் பார்த்து. எல்லோரும் கண்ணாடி அறையைப் பார்க்கிறார்கள். உள்ளே ஹெட்போன் மாட்டிய வெங்கடசாமி சார் கண்ணை மூடி மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறார். நிறுத்தச் சொன்னால், தடையை மீறித் திறந்தது யார் என்றும் சொல்ல வேண்டும். கதவைத் தட்டத் தூக்கிய கையால் பெலிக்ஸ் தலையைச் சொறிந்துகொள்கிறான்.