நிற்கிற வேலை

ஒரு வீட்டில் கார் ஏறிவரக் கான்கிரீட் தளம் போட்டு முடித்த பிறகுதான், அங்கே ஒரு வெளிக்கதவு வேண்டுமென்ற யோசனையே வந்தது. தளத்தை உடைக்க மனமில்லாமல், அதில் நாலு ஓட்டை போட்டு, ஓர் இரும்புத் தூணைப் போல்ட்டால் முடுக்கி நிறுத்தினார்கள். கனத்த இரும்புக் கதவை அதில் மாட்டினார்கள்.

கதவு அடித்துச் சாத்தும்போதெல்லாம் தூண் அடிவரை அதிர்ந்தது.

"தம்பி, கொஞ்சம் மெதுவா மூடக் கூடாதா?" என்று தூண் கெஞ்சியது.

"நாள் பூரா அலையறவன் நான். நின்ன இடத்துலயே நிக்கிற உனக்கென்ன அலுப்பு?" என்றது கதவு.

"அவன் ஆடுறான், நீ என்னைப் பிடிச்சு இழுக்கிறியே" என்று கீழேயிருந்து தளம் முனகியது.

தூண் இன்னும் விறைத்துக்கொண்டு நின்றது.

மழைக்காலம் முடிவதற்குள் தளம் விரிசல் விட்டது. போல்ட் பெயர்ந்து தூண் சாய்ந்தது; கதவு தரையில் இடித்துக்கொண்டு பாதியில் நின்றது.

"தூண்தான் சரியில்லை" என்றார்கள் வேலைக்கு வந்தவர்கள். அதைக் கழற்றிச் சுவரோரம் கிடத்திவிட்டு, அதே தளத்தில் சற்றுத் தள்ளி ஓட்டை போட்டுப் புதுத் தூண் ஒன்றை நிறுத்தி, அந்தக் கதவையே அதில் மாட்டினார்கள்.

முதல்முறையாக உடம்பைக் கீழே சாய்த்த சுகத்தில் பழைய தூணுக்குக் கண் சொக்கியது.

"அண்ணே, இங்க என்ன வேலை?" என்றது புதுசு.

"நிக்கிறதுதான்."

"அவ்வளவுதானா?" என்று அது சிரித்தது.

சொல்ல எவ்வளவோ இருந்தது. அதற்குள் தெருவில் கார் ஹாரன் ஒலித்தது.

"கெட்டியாப் பிடிச்சுக்கோ, தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பழைய தூண் தூங்கிப்போனது.