பாயவா, மறிக்கவா?

“முதல் பதினஞ்சு செகண்ட் ரிமோட்டைத் தொடக் கூடாது. ரோபோ தானாத்தான் ஓடணும். பாய்ஞ்சு கோல் போட வைக்கவா, மறிச்சு நிக்க வைக்கவா டீச்சர்?” என்றாள் அணித் தலைவி.

“மறிக்கட்டும். எதிர் டீம் சாரை எனக்கு நல்லாத் தெரியும். பொறுமையே கிடையாது. எடுத்த எடுப்புலயே பாய்வார்.”

ரோபோ கால்பந்து இறுதிப் போட்டியின் விசில் ஒலித்தது. இரண்டு ரோபோக்களும் தத்தம் கோல் வாசலை அடைத்துக்கொண்டு அசையாமல் நின்றன. அரங்கமே சிரித்தது.

எதிரணி சார் வேகமாக வந்தார். “ஏன் பாயல? நீதான் எப்பவும் முதல்ல பாய்வேன்னு பசங்களை மறிக்கச் சொன்னேன்!”

“நீங்க பாய்வீங்கன்னு நானும்...”

சாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. குரலைத் தாழ்த்தினார்.

“கல்யாணமாகி பதினெட்டு வருஷத்துல, நாம ரெண்டு பேருமே சண்டையை ஆரம்பிக்காத முதல் பதினஞ்சு செகண்ட் இதுதான்!”