விசிலுக்கு வந்த செவலை

கொய்யாமரத்தடியில் புகை இன்னும் அடங்கவில்லை. குளவிக்கூட்டைக் கொளுத்துமுன், கோழிகள் பத்திரமாக இருக்கட்டும் என்று கண்டக்டர்தான் அவற்றைக் கூண்டுக்குள் விட்டுக் கொண்டி போட்டிருந்தார். கலைந்த குளவிகள் கம்பிவலைக்குள் புகுந்து ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டு போய்விட்டன. அதன்பின் அவர் ஓடிவந்து கொண்டியை எடுத்துவிட்ட கூண்டு இப்போது திறந்து கிடக்கிறது. அதன் வாசலில் இரண்டு கோழிகள் கால் விறைத்துக் கிடக்கின்றன. சாய்ந்த வெயிலில் இறகுகள் மட்டும் பளபளக்கின்றன. "வெளிய விட்டிருந்தா எங்கயாவது ஓடிப் பொழச்சிருக்கும்ல," என்கிறாள் மனைவி. குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவருக்குச் சுருக்கென்கிறது. "செவலைக் கோழி எங்கங்க, காணோமே?" அவர் சட்டைப்பையிலிருந்து பஸ் விசிலை எடுக்கிறார். தீனி போடும்போதெல்லாம் அதைத்தான் ஊதுவார். கோழிகள் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவரும். ஊதுகிறார். வறண்ட வாயில் சத்தம் பிசிறுகிறது. துவைகல்லுக்குப் பின்னாலிருந்து செவலை வருகிறது. கண்ணிரண்டும் வீங்கி மூடியிருக்கின்றன. வாளியில் முட்டி, செங்கல்லில் இடறி, சத்தம் வந்த திக்கிலேயே தட்டுத்தடுமாறி வந்து அவர் காலடியில் நிற்கிறது. அவர் குந்தி உட்கார்ந்து கையை நீட்டுகிறார். தீனி எடுத்துவர மறந்துபோன அந்த வெறும் உள்ளங்கையை அது கொத்திக்கொண்டே இருக்கிறது.