ஒரு பேப்பர் பாக்கி

"ஒரே காலேஜ், ஒரே கோர்ஸ். எதிர்வூட்டு ஐஸ்வர்யாவுக்கு மட்டும் எப்படி ஃபீஸ் குறையும்?"

வெங்கடாசலம் கேட்டதற்கு மகள் காவியா செல்போனிலிருந்து தலை நிமிராமல் சொன்னாள்.

"அது முதல் பட்டதாரி சலுகைப்பா. வூட்ல யாருமே டிகிரி முடிச்சிருக்கக் கூடாது. நம்ம வூட்ல அண்ணன் முடிச்சிருச்சு. நமக்குக் கிடையாது."

அண்ணன் குருவுக்கு ஓசூரில் வேலை. தங்கச்சி ஃபீஸுக்குக் கொஞ்சம் அனுப்பு என்று கேட்டபோது, "எனக்கே பத்தலப்பா, பேங்க்ல லோன் போடுங்க" என்று வைத்துவிட்டான்.

அன்றிலிருந்து எதிர்வீட்டைப் பார்த்தாலே வெங்கடாசலத்துக்கு வயிறு எரிந்தது.

ஐஸ்வர்யாவின் அண்ணன் மாதவராஜும் தர்மபுரிக்குப் போய்ப் படித்தவன்தான். பி.எஸ்சி. கணக்கு. வகுப்பிலேயே முதல் ஆள். கடைசி செமஸ்டரில் ஒரு பேப்பர் அரியர் என்று சொல்லிக்கொண்டு ஒன்றரை வருஷமாகக் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறான்.

"நம்ம பையன் ஒழுங்கா பாஸ் பண்ணான், நமக்கு முழு ஃபீஸ். அவன் கோட்டை விட்டான், அவங்களுக்குச் சலுகை" என்றார் மனைவியிடம்.

"அடுத்தவங்க இலையில என்ன விழுதுன்னு எட்டிப் பாக்காதீங்க" என்றாள் நிர்மலா.

பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவ்வளவு நன்றாகப் படித்தவன் ஒரு பேப்பரில் எப்படித் தோற்பான்? பாஸ் பண்ணிவிட்டு மறைக்கிறார்கள்.

இது பொறாமையா, நியாயமா என்று தன்னையே ஒருமுறை கேட்டுக்கொண்டார். நியாயம்தான் என்று பட்டதும், எதிர்வீட்டுச் சலுகையை விசாரிக்கச் சொல்லி உட்கார்ந்து மனு எழுதினார்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு நாள். இண்டூர் நிறுத்தத்துக்கு அவர் வருவதற்குள் பஸ் போய்விட்டது. தக்காளி ஏற்றிய ஒரு குட்டியானை பக்கத்தில் வந்து நின்றது.

"டவுனுக்குங்களா மாமா? ஏறிக்குங்க."

மாதவராஜ்.

வேறு வழியில்லை. மனு இருந்த சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டு ஏறினார்.

"காவியாவுக்கு லோன் போட்டுட்டீங்களா மாமா?"

"இன்னும் இல்ல."

"வருமானச் சான்றும் சேர்த்துக் குடுங்க. படிக்கிற வரைக்கும் வட்டிக்கு மானியம் இருக்குது. பேங்க்ல அவங்களா சொல்ல மாட்டாங்க, நாமதான் கேக்கணும். நாளைக்கு லோடு இல்ல, நான் வேணா கூட வரேன்."

எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறான். வெங்கடாசலத்துக்குச் சந்தேகம் இன்னும் உறுதியானது.

"இவ்வளவு விவரமா இருக்கற. அந்த ஒரு பேப்பர் முடிச்சிருந்தா இந்நேரம் பேங்க்லயே உக்காந்திருப்ப. உண்மையைச் சொல்லுப்பா, எப்பவோ பாஸ் பண்ணிட்டதானே?"

மாதவராஜ் சிரித்தான்.

"இல்லைங்க மாமா. நான் அந்தப் பரீட்சையை எழுதவே இல்ல."

"எழுதலயா? உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருந்தேன். ஹால் வாசல் வரைக்கும் போனேன், திரும்பி வந்துட்டேன். அப்ப ஐஸ்வர்யா பிளஸ் ஒன்னுங்க. படிச்சா இன்ஜினியரிங்தான்னு ஒத்தக் கால்ல நின்னா."

"அவ இன்ஜினியரிங் படிக்க, நீ எதுக்கு வாசலோட திரும்பி வரணும்?"

மாதவராஜ் ரோட்டைப் பார்த்தபடியே கியரை மாற்றினான்.

"உள்ள போனா பாஸ் ஆயிடுவேன்னு பயமா இருந்துச்சுங்க மாமா."